தலைச்சுமையோடு உள்ளே வரக் கூடாது

ஒரு நகரத்தின் நடுவே ஒரு பூங்கா இருந்தது. கிழக்கு வாசலுக்கு வெளியே பெரிய சாலை, மேற்கு வாசலுக்கு வெளியே காய்கறிச் சந்தை. உள்ளே புல்லும் மரமும் நடைபாதையும், அவற்றோடு மூன்று பெரிய மனிதர்களும் இருந்தார்கள்.

பெரிய மனிதர்கள் என்றால் நடமாடுகிற ஆட்கள் இல்லை. நின்ற இடத்தில் நின்றே பெரியவர்களானவர்கள்.

முதலாவது மணிக்கூண்டு. அதற்கு நாலு முகம், நாலு முகத்திலும் நாலு நேரம். கேட்டால், "நான் நாலு பக்கத்து நியாயத்தையும் பார்க்கிறவன்" என்று சமாளிக்கும். இரண்டாவது வெண்கலக் குதிரை. அதன் முதுகில் ஒரு காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்திருந்தார். சுதந்திரம் வந்ததும் துரையை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்கள். குதிரை என்ன பாவம் செய்தது என்று அதை விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அது முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி, எப்போது வேண்டுமானாலும் தனக்கும் ஆள் வரும் என்ற பயத்தோடு நிற்கிறது. மூன்றாவது போர் நினைவுத் தூண். கடல் தாண்டிப் போய்த் திரும்பி வராத சிப்பாய்களின் பெயர்கள் அதன் உடம்பெங்கும் இருந்தன. அது அதிகம் பேசாது.

நாலாவதாக ஒன்றும் அங்கே இருந்தது. அதை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. ஒரு வேப்பமரத்தை ஒட்டி இரண்டு கல்தூண், அவற்றின் மேல் குறுக்கே அகலமாக ஒரு கல். உயரம் ஓர் ஆளின் கழுத்து மட்டம். பெயர் கிடையாது, தேதி கிடையாது, திறந்து வைத்தவர் இன்னார் என்று சொல்லும் பளிங்குப் பலகையும் கிடையாது. மணிக்கூண்டு அதை "ஏ வாயிற்கால்!" என்றுதான் கூப்பிடும். ஏதோ ஒரு காலத்து வீட்டில் கதவும் போய்ச் சுவரும் போய், நிலை மட்டும் மிஞ்சி நிற்கிறது என்பது அதன் முடிவு.

அது வாயிற்கால் இல்லை. சுமைதாங்கி.

பூங்கா வருவதற்கு முன்பே, புல் வருவதற்கு முன்பே, அந்த இடத்தில் ஒரு மண்பாதை இருந்தது. ஆற்றங்கரையிலிருந்து சந்தைக்குப் போகிற பாதை. உப்பும் நெல்லும் விறகும் தலையில் ஏறித்தான் அந்த வழியே போயின. அந்தப் பாதையில் உப்பு மூட்டை சுமந்த சடையாண்டி என்பவனுக்கு வெள்ளைத்தாயி என்று ஒரு மனைவி இருந்தாள். நிறைமாதத்தில், பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே அவள் செத்துப்போனாள்.

பிள்ளைச் சுமையோடு போன பெண்ணுக்குச் சுமைதாங்கி நட வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். நட்டார்கள். சடையாண்டிதான் முதல் சுமையை இறக்கினான். உப்பு மூட்டையைத் தலையிலிருந்து அப்படியே கல்மேல் சரித்துவிட்டு, கல்லைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "ஒன் சுமைய எறக்காமலே போயிட்டியே தாயி. இனிமே இந்த வழியா போறவன் எவன் இங்க சுமைய எறக்கினாலும், ஒன் சுமையும் கூடவே எறங்கட்டும்."

பிறகு முதுகை நிமிர்த்தி, "அப்பாடா" என்றான்.

அந்த அப்பாடாவோடு சேர்ந்து இன்னொரு மெல்லிய அப்பாடாவும் சுமைதாங்கிக்குக் கேட்டது. ஒரு பெண்குரல். பிறகு வந்த ஒவ்வொருவர் சுமையை இறக்கும்போதும் அது கேட்டது. சுமைதாங்கிக்கு அதுதான் கூலி, அதுதான் சாப்பாடு.

அப்புறம் துரை வந்தார். பாதையை வளைத்துப் போட்டு, வேலி கட்டி, பூங்கா ஆக்கினார். வாசலுக்கு ஓர் இரும்புப் பலகை அடித்தார்கள். அதில் பூப் பறிக்கக் கூடாது, மாடு ஓட்டிவரக் கூடாது என்பதோடு, 'தலைச்சுமையோடு உள்ளே வரக் கூடாது' என்றும் இருந்தது.

துரை போய்விட்டார். பலகை போகவில்லை. பூங்கா என்பது கைவீசி நடக்கிற இடம் என்று ஊரும் நம்பிவிட்டது. நூற்று இருபத்தைந்து வருஷம் ஒரு சுமையும் உள்ளே வரவில்லை.

அத்தனை வருஷமும் வெள்ளைத்தாயி எங்கோ சுமையோடு நின்றுகொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு சுமைதாங்கியை அரித்தது. எதையாவது சுமை என்று எடுத்துக்கொள்ள முடியாதா என்று பார்த்தது. காக்கை உட்கார்ந்தால் ஆவலோடு காத்திருக்கும். காக்கை எச்சமிட்டுவிட்டுப் போய்விடும். கிரிக்கெட் பந்து வந்து விழும், உருண்டு ஓடிவிடும். ஒருநாள் காலையில் நடக்க வந்த ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் தம் தொப்பையை அதன்மேல் சாய்த்தார். இதுவும் சுமைதானே என்று சுமைதாங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அவரிடமிருந்து அப்பாடா வரவில்லை, ஏப்பம்தான் வந்தது.

இப்படி இருக்கும்போது, பூங்காவின் நூற்று இருபத்தைந்தாவது ஆண்டு விழா வந்தது. அடேயப்பா, என்ன அமர்க்களம்! ஆய்வுக் குழு என்று மூன்று பேர் டேப்பும் நோட்டும் கேமராவுமாக வந்து இறங்கினார்கள். பூங்காவின் நினைவுச் சின்னங்களையெல்லாம் ஒரே கருங்கல் பலகையில் வெட்டி வைக்கப் போகிறார்களாம். மணிக்கூண்டு உச்சிவரை சிலிர்த்தது. குதிரை தூக்கிய காலை இன்னும் கொஞ்சம் தூக்கியது போலத் தெரிந்தது. மூன்று பெரிய மனிதர்களின் பெயர்களும் நோட்டில் ஏறின.

கடைசியாகக் குழு சுமைதாங்கியிடம் வந்தது. பூங்கா மேற்பார்வையாளர் தண்டபாணி கூடவே நின்றார்.

"கல்வெட்டு ஏதாச்சும் இருக்கா?"

"ஒரு எழுத்துகூட இல்ல சார்" என்றார் தண்டபாணி.

"பழைய கேட்டோட மிச்சம்னு எழுதிக்குங்க. நடைபாதையில நீட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. விழாவுக்கு முன்னாடி எடுத்துருங்க."

தண்டபாணி சிவப்புப் பெயிண்ட் எடுத்து, குறுக்குக்கல்லின் நெற்றியில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

அவர்கள் போனதும் சுமைதாங்கிக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தீர்களா! எனக்கும் பொட்டு வைத்துவிட்டார்கள்! உங்களுக்குக்கூட வைக்கவில்லை!"

மணிக்கூண்டு நாலு முகத்தாலும் சிரித்தது. குதிரைக்குச் சிரிப்பு வரவில்லை.

"அது பொட்டு இல்லை" என்றது குதிரை. "என் துரையின் பூட்ஸிலும் இதே மாதிரி ஒன்று போட்டார்கள். மறுநாள் அவர் இல்லை."

சுமைதாங்கி கேட்டது: "எப்போது?"

"விழாவன்று காலை ஒன்பது மணிக்கு இடிக்கிற வண்டி வரும் என்று பேசிக்கொண்டார்கள்" என்றது தூண்.

"ஒரு சுமை. ஒரே ஒரு சுமை. அதற்குப் பிறகு இடிக்கட்டும், உடைக்கட்டும், ஜல்லியாக்கட்டும்" என்றது சுமைதாங்கி. "அவளை நிற்க வைத்துவிட்டு நான் போக முடியாது."

"பூங்காவுக்குள் சுமை எப்படி வரும்? வாசலில் பலகை இருக்கிறதே" என்றது மணிக்கூண்டு.

விழா நாள் வந்தது. காலையிலேயே பூங்கா கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஒலிபெருக்கி "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்" என்று தொண்டையைச் செருமியது. நாதஸ்வரக்காரர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பூந்தொட்டிகளுக்குக் காவி அடித்த கையோடு, அவசரத்தில் ஒரு நாய்க்கும் அடித்துவிட்டார்கள். கிழக்கு வாசலில் தென்னங்கீற்றும் வாழைமரமும் துணியும் சேர்த்து இரண்டு ஆள் உயரத்துக்கு ஓர் அலங்கார வளைவு எழுப்பியிருந்தார்கள். வளைவின் கால் ஊன்ற இடம் போதாமல் பழைய இரும்புப் பலகையைப் பிடுங்கி எங்கோ போட்டிருந்தார்கள். மேற்கு வாசல் பக்கமிருந்த பலகையும் வெள்ளையடிக்கக் கழற்றியதுதான், திரும்ப மாட்டப்படவில்லை.

தண்டபாணி ஒரே நேரத்தில் நாலு இடத்தில் இருந்தார். பதினோரு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வருகிறார். அதற்குள் கருங்கல் பலகை வந்து பீடத்தில் நிற்க வேண்டும், இடிக்கிற வண்டி வந்து போக வேண்டும்.

ஒன்பது மணிக்குப் பலகையை ஏற்றிய லாரி வந்தது. அதன் பின்னாலேயே மஞ்சள் நிற ஜேசிபியும் வந்தது.

லாரி வளைவுக்குள் நுழைந்தது. பாதி நுழைந்தது. அப்புறம் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

லாரியின் தலை வளைவில் மாட்டிக்கொண்டது. முன்னே போனால் வளைவு விழும், பின்னே போனால் வாழைமரம் விழும். ஜேசிபி பின்னால் நின்று ஹாரன் அடித்தது. நாதஸ்வரக்காரர் இட்லியோடு எழுந்து வந்து பார்த்தார். தண்டபாணி தலையில் கை வைத்தார்.

"வளைவுல கை வெச்சா தொலைச்சுருவேன்! பலகைய கையாலயே உள்ள கொண்டாங்க! சந்தையில யாராச்சும் இருந்தா கூட்டியாங்கடா!"

சந்தையிலிருந்து நாலு சுமைதூக்கும் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் சவரிமுத்து. முப்பது வருஷம் மூட்டை சுமந்து கழுத்து தோளுக்குள் இறங்கிப்போன மனிதர். பலகையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தார். மற்ற மூவரும் அப்படியே வைத்தார்கள்.

"ஏலேலோ, தூக்கு!"

பலகை நாலு தலைகள்மேல் ஏறியது. ஏறி, நூற்று இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக, ஒரு தலைச்சுமை அந்தப் பூங்காவுக்குள் வந்தது.

"வருகிறது!" என்று கத்தியது குதிரை. "வாயிற்காலே, சுமை வருகிறது!"

"என்னிடம் வராது. பீடத்துக்குத்தான் போகும்" என்றது சுமைதாங்கி. ஆனால் அதுவும் பார்த்துக்கொண்டேதான் இருந்தது.

பீடம் பூங்காவின் அந்தக் கோடியில் இருந்தது. நாலு பேரும் குதிரையைத் தாண்டினார்கள், மணிக்கூண்டைத் தாண்டினார்கள். பலகை பளபளவென்று மினுக்கியபடி, மேலேயிருந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டு வந்தது. அப்போது பீடத்துப் பக்கமிருந்து கொத்தனார் ஓடிவந்தார்.

"நில்லுங்கண்ணே, நில்லுங்க! பீடம் நேத்து சாயங்காலம்தான் பூசினது, ஈரம் காயல! இப்ப வெச்சா உக்காந்துரும்!"

நாலு பேரும் நடுவழியில் நின்றார்கள். தலைமேல் பாறை, கீழே வைக்க வழியில்லை. கீழே வைத்தால் அப்புறம் தூக்க எட்டுப் பேர் வேண்டும். பின்னால் நின்றவர் முனகினார்.

"அண்ணே, முடியலண்ணே..."

சவரிமுத்து கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் சுழற்றினார். வேப்பமரத்தடியில் இரண்டு தூணும் ஒரு குறுக்குக்கல்லும் தெரிந்தன. உயரம் கழுத்து மட்டம்.

அவ்வளவுதான். அவர் யோசிக்கவே இல்லை. சுமை சுமக்கிறவனுக்கு அந்த உயரத்தைப் பார்த்தால் போதும். கால் தானாகத் திரும்பும்.

"வலது பக்கம் வாங்கடா. குனிய வேணாம். அப்படியே சரி... சரி... எறக்கு!"

பலகை சுமைதாங்கியின் மேல் உட்கார்ந்தது.

ஐயோ, அந்தக் கனம்! சுமைதாங்கியின் இரண்டு காலும் மண்ணுக்குள் ஒரு நெல்லளவு இறங்கின. அதற்கு ஆனந்தத்தில் அழுகை வந்தது. வெள்ளைத்தாயி, இதோ, இதோ! நாலு பேரும் முதுகை நிமிர்த்தினார்கள். சவரிமுத்து வாயைத் திறந்தார்.

"அப்..."

"பாம்ம்ம்ம்!" என்று ஜேசிபி ஹாரன் அடித்தது. லாரியை எப்படியோ பின்னால் இழுத்துவிட்டு, வாழைமரத்தையும் சாய்த்துவிட்டு, அது உள்ளே வந்துகொண்டிருந்தது.

அந்த அப்பாடா பாதியில் நின்றுபோனது. சுமைதாங்கி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. பெண்குரல் வரவில்லை.

தண்டபாணி ஓடிவந்தார். "யோவ்! எதுல கொண்டாந்து வெச்சுருக்கீங்க! அத இடிக்கணும்யா! தூக்கு, தூக்கு!"

"சார், மூச்சு வாங்கிக்கிறோம் சார். எறக்குன ஒடனே எப்படித் தூக்கறது?" என்றார் சவரிமுத்து.

அவர்கள் அங்கே வாதாடிக்கொண்டிருக்க, மேலே பலகை சுமைதாங்கியை அதட்டியது. அது புதுசாக அறுத்த கல். எழுத்தெல்லாம் தங்க நிறம். வாயும் அதற்கேற்ற வாய்.

"யார் நீ? என்மேல் இருக்கிற பட்டியலில் உன் பெயர் இல்லையே?"

"இல்லை தம்பி."

"அப்படியானால் நீ இந்தப் பூங்காவிலேயே இல்லை என்று அர்த்தம். இந்தப் பூங்காவின் வரலாறு மொத்தமும் என்மேல்தான் இருக்கிறது, தெரியுமா?"

"தெரியும் தம்பி, நல்ல கனம். இடது பக்கம் கொஞ்சம் சாய்கிறாய், பார்த்து உட்கார். விழுந்தால் உடைந்துவிடுவாய்."

பலகை பார்த்து உட்கார்ந்தது.

கீழே சவரிமுத்து சிவப்புக் குறியைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எதுக்கு சார்?"

"பழைய கேட்டுய்யா. அதான் எடுக்கறோம்."

"கேட்டா? கேட்டுன்னா நாம உள்ள போறப்ப தலை இடிக்காதா? எங்க கழுத்து ஒயரத்துக்கு எவன் சார் கேட்டு வெப்பான்?" சவரிமுத்துவின் குரல் உயர்ந்தது. "இது சுமைதாங்கி சார். எங்க அப்பாரு ஊர்ல ஒண்ணு இருந்துச்சு. பிள்ளைய வயித்துல வெச்சுக்கிட்டு செத்த பொம்பளைக்காக நடுறது. இத இடிச்சா அந்தத் தாயோட வயித்துல இடிச்ச மாதிரி."

"எல்லாம் சரிய்யா. லிஸ்டுல இல்லையே? மூணு பேர் வந்து பாத்து எழுதியிருக்காங்க. நீ எழுதினியா நான் எழுதினேனா?"

"அவங்க மூணு பேர்ல ஒருத்தராச்சும் மூட்டை சுமந்திருப்பாங்களா சார்?"

ஜேசிபி அதற்குள் வந்து நின்று, கையைத் தூக்கியது. அதன் இரும்புப் பற்கள் குறுக்குக்கல்லுக்கு ஒரு முழத் தூரத்தில் ஆடின.

அந்த நேரத்தில் சாலையில் சைரன் கேட்டது.

விருந்தினர் அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்! தண்டபாணி மணிக்கூண்டைப் பார்த்தார். ஒரு முகம் மூன்று என்றது, ஒரு முகம் ஆறே கால் என்றது. ஜேசிபியைப் பார்த்தார், ஈரப் பீடத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அந்த மனிதர் அன்று செய்த ஒரே நல்ல காரியம், அந்த ஒரு நொடியில் யோசிக்காமல் செய்ததுதான்.

"வண்டிய மரத்துக்குப் பின்னாடி ஓட்டு! பலகைய இங்கயே நிமித்தி மரத்துல சாய்! துணிய கொண்டா! எவனாச்சும் பின்னாடி நின்னு புடிச்சுக்கங்க!"

நாதஸ்வரம் முழங்கியது. மேளம் அதிர்ந்தது. காவி நாய் கூட்டத்துக்குள் குறுக்கே ஓடியது. விருந்தினர் கயிற்றை இழுத்தார், துணி விழுந்தது, தங்க எழுத்துகள் வெயிலில் ஜொலித்தன. ஒன்று மணிக்கூண்டு, இரண்டு வெண்கலக் குதிரை, மூன்று போர் நினைவுத் தூண். எல்லாரும் கைதட்டினார்கள். பலகைக்குப் பின்னால் சவரிமுத்துவும் ஆட்களும் பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடித்திருந்தார்கள். கேமராக்கள் மின்னின. விருந்தினர் கீழே இருந்த கல்லைத் தட்டிப் பார்த்தார்.

"பீடம் பிரமாதம். பழமையாவே செஞ்சிருக்கீங்களே!"

"அதாங்கய்யா... அதான் ஐடியா" என்றார் தண்டபாணி.

விருந்தினர் போனார். கூட்டம் சுண்டல் பொட்டலத்தோடு கலைந்தது. தண்டபாணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுமைதாங்கியை முதல்முறையாக அன்போடு பார்த்தார். "நல்லதாப் போச்சு. அய்யாவே பாராட்டிட்டாரு. கொத்தனாரே, சிமென்ட் குழைங்க. பலகைய இதுமேலயே ஒட்டிருங்க. இனி இதுதான் பீடம். இடிக்க வேணாம்."

இடிக்க வேண்டாம்! குதிரை ஆரவாரம் செய்தது. "தப்பித்தாய்! ஒத்துக்கொள், ஒத்துக்கொள்! வரலாற்றையே தாங்குகிற வேலை! இனி உன்மேல் யார் கை வைப்பார்?"

"நிரந்தர உத்தியோகம். சாகிறவரை கவலையில்லை" என்றது மணிக்கூண்டு.

சுமைதாங்கிக்கும் ஒரு கணம் ஆசை வந்தது. ஏன் வராது? உயிர் யாருக்கும் வெல்லக்கட்டிதான். ஆனால் ஜேசிபி வந்த பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று அதைப் பிடித்துக்கொண்டது. பலகை இங்கேயே ஒட்டிக்கொண்டால்? அப்புறம் இங்கே யார் எதை இறக்குவார்கள்?

தூண் வாயைத் திறந்தது. எல்லாரும் கேட்டார்கள்.

"என் உடம்பில் இருக்கிற பெயர்கள் என்றைக்கும் இறங்காது. நான் தூண். இறங்காததைச் சுமப்பதுதான் என் வேலை. நீயும் அப்படித்தானா?"

"நான் அப்படி இல்லை ஐயா" என்றது சுமைதாங்கி. பிறகு மேலே இருந்த பலகையிடம் சொன்னது: "தம்பி, நீ இறங்கிவிடு."

பலகை பதறியது. "நான் இறங்கினால் உன்னை இடித்துவிடுவார்களே! நான் இருக்கிறவரைதான் உனக்குப் பாதுகாப்பு. இவ்வளவு நேரம் என்னைத் தாங்கினாயே, உனக்கு இதையாவது செய்கிறேன்."

"நீ நல்ல பிள்ளை. ஆனால் நீ உட்கார்ந்திருக்கிறவரை அவள் நின்றுகொண்டிருப்பாள். இறங்கு."

கொத்தனார் சிமென்ட் சட்டியோடு வந்தார். பலகை கண்ணை மூடிக்கொண்டு, தன் பலத்தையெல்லாம் சேர்த்து, ஒரு விரற்கடை நகர்ந்தது. 'கிரீச்' என்று கல்லின்மேல் கல் உரசியது. கொத்தனார் பயந்து பின்னால் குதித்தார். சவரிமுத்து தாவிப் பிடித்தார்.

"பாத்தீங்களா சார், அதுவே நிக்க மாட்டேங்குது. சுமைதாங்கியில சுமைய விட்டுட்டுப் போற பழக்கமே கெடையாது சார். எறக்கணும், ஆறணும், திரும்பத் தூக்கிட்டுப் போயிரணும். அடுத்தவன் வந்து எறக்கணுமில்ல? சாயங்காலத்துக்குள்ள பீடம் காஞ்சுரும். நாங்களே இருந்து தூக்கி வெச்சுட்டுப் போறோம்."

பலகை மேலே விழுந்தால் யார் பதில் சொல்வது என்று தண்டபாணி பயந்தார். "சரிய்யா, என்னமோ பண்ணுங்க" என்றார்.

நாலு பேரும் சாயங்காலம்வரை வேப்பமரத்தடியில் காத்திருந்து, பலகையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்தில் நட்டார்கள். அங்கே, பூங்காவின் அந்தக் கோடியில், நாலு பேரும் ஒன்றாக "அப்பாடா" என்றது சுமைதாங்கிக்குத் தூரத்தில் கேட்டது. தன்னிடம் வர வேண்டியது அங்கே போய்விட்டதே என்று அதற்கு நெஞ்சு வலித்தது. குறுக்குக்கல் மறுபடி வெறுமையாகக் கிடந்தது. நெற்றியில் சிவப்புக் குறி அப்படியே இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜேசிபி மறுபடி வந்தது. கூடவே தண்டபாணியும் வந்தார், கையில் அன்றைய பேப்பரோடு. ஓட்டுநரை நிற்கச் சொல்லிவிட்டு, பேப்பரை இன்னொரு தடவை விரித்துப் பார்த்தார். முதல் பக்கத்தில் வண்ணப் படம். விருந்தினர் சிரித்துக்கொண்டு ஒரு கல்லைத் தட்டுகிறார். பலகையைவிடக் கல்தான் படத்தில் பெரிதாக விழுந்திருந்தது.

"அய்யா தட்டின கல்லு..." என்று தமக்குள்ளேயே முனகினார் தண்டபாணி. "இத இடிச்சா நம்மள இடிச்சுருவாங்க. வண்டிய திருப்புப்பா."

ஜேசிபி திரும்பியது. குதிரை கனைத்த கனைப்பில் அதன் முதுகிலிருந்த புறாக்கள் பறந்தன. மணிக்கூண்டு தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக, "சுமைதாங்கி அவர்களே" என்று கூப்பிட்டது. தண்டபாணி கைக்குட்டையில் மண்ணெண்ணெய் தொட்டு, சிவப்புக் குறியைத் தாமே தேய்த்து அழித்தார்.

"பிழைத்துவிட்டாய்!" என்று அந்தக் கோடியிலிருந்து கூவியது பலகை. "என் அடியில் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. உன் பெயரையும் வெட்டுவார்கள், பார்!"

சுமைதாங்கி கேட்கவில்லை. அதன் கவனமெல்லாம் மேற்கு வாசலில் இருந்தது.

மேற்கு வாசலில் அந்த இரும்புப் பலகை இல்லை. காவலாளி தேடிக்கொண்டிருந்தார். வெள்ளையடித்தவர்கள் அதைச் சாரப் பலகையோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த வழியாக, சந்தையிலிருந்து ஒரு பெண் உள்ளே வந்தாள். தலையில் பூசணிக்காய்க் கூடை. கனத்தில் கழுத்து நடுங்கியது. பெரிய சாலைக்குப் போகச் சுற்றுவழி வேண்டாம் என்று குறுக்கே வந்திருந்தாள். காவலாளி அவளைத் தடுக்கக் கையைத் தூக்கினார். எந்தச் சட்டத்தைச் சொல்லித் தடுப்பது என்று தெரியாமல் இறக்கிக்கொண்டார்.

அவள் குதிரையைப் பார்க்கவில்லை, மணிக்கூண்டைப் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் கழுத்து உயரத்தில் ஒரு கல்லைப் பார்த்தாள். கால் தானாகத் திரும்பியது. கிட்டே வந்து, முதுகைத் திருப்பாமல், குனியாமல், கூடையை அப்படியே கல்மேல் சரித்தாள். சும்மாட்டைப் பிரித்து முகத்தைத் துடைத்தாள். இடுப்பில் கை ஊன்றி நிமிர்ந்தாள்.

"அப்பாடா" என்றாள்.

சுமைதாங்கிக்கு அது இரண்டு குரலில் கேட்டது.